பேச்சுக்கும் அறிவுக்கும் ஒரே பகடையா? கேம் மாஸ்டர்களுக்கான ஓர் ஒப்பீடு

வாளை ஓங்கினால் என்ன நடக்கும் என்பதில், மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதையை ஆடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்றால் இருபது முகப் பகடையை உருட்டி, தாக்குதல் எண்ணைக் கூட்டி, எதிரியின் கவச எண்ணோடு ஒப்பிட்டால் முடிந்தது. ஆனால் “காவலனிடம் பேசி உள்ளே போகப் பார்க்கிறேன்” என்றோ, “இந்தச் சின்னத்தை நான் எங்காவது பார்த்திருக்கிறேனா?” என்றோ ஓர் ஆட்டக்காரர் கேட்டால், ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் அந்த இடத்திலேயே ஒரு முடிவெடுத்தாக வேண்டும். பேசிக் காட்டச் சொல்வதா, பகடையை உருட்டச் சொல்வதா, இரண்டும் இல்லாமல் பதிலைச் சொல்லிவிடுவதா?

பேச்சையும் அறிவையும் ஒரே முறையால் தீர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெரும்பாலான விதிநூல்கள் இரண்டையும் ‘திறன்கள்’ என்ற ஒரே பட்டியலில் வைத்திருப்பதால், நாமும் இரண்டுக்கும் ஒரே பழக்கத்தில் பகடையை எடுக்கிறோம். பேச்சில் எதிரே ஒரு மனம் இருக்கிறது. அது மறுக்கலாம், பேரம் பேசலாம், ஏமாறலாம். அறிவைப் பொறுத்தவரை எதிரே யாரும் இல்லை. தகவல் கேம் மாஸ்டரிடம் இருக்கிறது; அதைக் கொடுப்பதா வேண்டாமா என்பது மட்டுமே கேள்வி. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு, பழக்கத்தில் உள்ள வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பேச்சு: பழைய வழி

1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட முதல் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில்’ ‘வற்புறுத்தல்’ என்றொரு திறனே கிடையாது. இருந்தது, எதிர்ப்படுபவரின் முதல் மனநிலையைச் சொல்லும் ஒரு பகடை மட்டும்தான். 1981-இல் வந்த அடிப்படைப் பதிப்பில் அது இன்னும் தெளிவாக இருக்கிறது: இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டி 2 வந்தால் உடனடித் தாக்குதல், 12 வந்தால் உற்சாகமான நட்பு. இந்த இரண்டு முனைகளில் ஒவ்வொன்றுக்கும் 36-இல் ஒரு வாய்ப்புதான். 36-இல் 16 வாய்ப்புகள் 6 முதல் 8 வரை விழும். அதன் பொருள், எதிரே நிற்பவர் இன்னும் முடிவு செய்யவில்லை என்பது. அங்கிருந்து ஆட்டக்காரர்கள் பேச வேண்டும், கேம் மாஸ்டர் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

இந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். குகையில் எதிர்ப்படும் ஓர்க் என்ற அரக்கர் கும்பல் எப்போதும் சண்டைக்கே வரும் என்ற நினைப்பை இது உடைக்கிறது. கேம் மாஸ்டர்கூட எதிர்பாராத வகையில் ஓர் எதிரி தயங்கி நிற்பான். பேச்சு தொடங்கியதும் எல்லோரும் காது கொடுத்துக் கேட்பார்கள். என்ன சொல்கிறோம் என்பதற்கு மதிப்பு இருக்கும்.

ஆனால் இதில் ஒரு பெரிய அநியாயம் உண்டு. வாய்வல்லமை உள்ள ஆட்டக்காரர் எந்தப் பாத்திரத்தை ஏற்றாலும் ஜெயிப்பார். கூச்சமுள்ளவர் எவ்வளவு பெரிய தூதரை உருவாக்கினாலும் தோற்பார். அதைவிடக் கவலைக்குரியது, முடிவு அந்தக் காவலனின் மனத்தைப் பொறுத்ததாக இல்லாமல் கேம் மாஸ்டரின் மனத்தைப் பொறுத்ததாகிவிடுவது. கேம் மாஸ்டருக்கு எந்தப் பேச்சு பிடிக்கும் என்று நெடுநாள் நண்பர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவருக்குத் தெரியாது.

பேச்சு: பகடை மட்டும்

‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின்’ மூன்றாம் பதிப்பு 2000-இல் வந்தபோது ராஜதந்திரம், பொய்யுரை, உள்நோக்கம் அறிதல் எல்லாம் எண்களாயின. 2003-இன் 3.5 திருத்தத்தில் உள்ள அட்டவணை இதன் உச்சம். பகைமையோடு நிற்பவரை நட்புக்குக் கொண்டுவர, பகடையோடு பாத்திரத்தின் திறனுக்கான கூட்டல் எண்ணையும் சேர்த்து எட்ட வேண்டிய இலக்கு எண் 35, துணைக்கு வருபவராக்க 50. ஒரு நிமிடம் பேசினால் போதும். அந்த எண், எதிரே இருப்பவரின் மனநிலையை மட்டுமே பார்க்கிறது. அவர் யார், பேசுபவர் எவ்வளவு திறமையாக வாதாடினார் என்பவை கணக்கிலேயே இல்லை. லாயக்காரனும் பேரரசனும் ஒரே மனநிலையில் இருந்தால் இருவருக்கும் ஒரே எண். கூட்டல் எண்களை அடுக்கி அடுக்கி, பேச்சாலேயே எந்தப் பகைவனையும் மடக்கும் பாத்திரங்களை ஆட்டக்காரர்கள் உருவாக்கியதில் வியப்பில்லை.

இந்த வழிக்கு ஆதரவாக ஒரு வாதத்தை அடிக்கடி கேட்கலாம். பாறையைப் புரட்டும் வீரனை ஆடுபவரிடம் நிஜமாகப் பாறையைப் புரட்டச் சொல்கிறோமா? பிறகு ஏன் தூதரை ஆடுபவரிடம் மட்டும் சொற்பொழிவு கேட்கிறோம்? நியாயமான கேள்விதான். கூச்சமுள்ளவர்களும், திக்கிப் பேசுபவர்களும், சட்டென்று வார்த்தை வராதவர்களும் நாவன்மை மிக்க பாத்திரத்தை ஆடும் உரிமையை யாரும் பறிக்கக் கூடாது.

ஆனால் சண்டையையே இன்னும் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அங்கே பகடை எல்லாவற்றையும் முடிவு செய்வதில்லை. யாரை அடிப்பது, எங்கே நிற்பது, மந்திரத்தை இப்போது செலவழிப்பதா, பின்வாங்குவதா என்பதெல்லாம் ஆட்டக்காரரின் முடிவுகள். அந்த முடிவுக்குப் பிறகுதான் பகடை. பேச்சுக்கும் அதே நியாயம் வேண்டும். யாரை அணுகுவது, என்ன தருவது, எதை மறைப்பது, எதைச் சொல்லிப் பயமுறுத்துவது என்பவை பேச்சின் உத்திகள். இவற்றைச் சொல்ல நாவன்மை தேவையில்லை. “அவன் மகனைப் பற்றிப் பேசி இரக்கத்தைத் தூண்டப் பார்க்கிறேன்” என்று ஒரே வரியில் சொன்னாலும் போதும். “வற்புறுத்தல் உருட்டுகிறேன், 19” என்று மட்டும் சொல்வது, யாரை எதனால் அடிக்கிறேன் என்று சொல்லாமலே தாக்குதல் பகடையை உருட்டுவதைப் போன்றது.

பேச்சு: முதலில் உத்தி, பிறகு பகடை

எனவே நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி. ஒரு காட்சியை வைத்துக்கொள்வோம். கோட்டைக் கதவு இரவில் மூடியிருக்கிறது. காயம்பட்ட தோழியோடு நால்வர் வெளியே நிற்கிறார்கள். காவல் தலைவன் மதில்மேல் இருந்து பார்க்கிறான். ஆட்டத்துக்கு முன்பே அவனைப் பற்றி மூன்றே வரிகள் எழுதி வைத்திருக்க வேண்டும். அவனுக்கு வேண்டியது, விடியும்வரை அமைதி. அவன் அஞ்சுவது, போன மாதம் கதவைத் திறந்து வேலையிழந்த முந்தைய தலைவனின் கதி. அவன் எக்காரணத்தாலும் செய்யாதது, ஆயுதத்தோடு ஒருவரை உள்ளே விடுவது.

இப்போது ஓர் ஆட்டக்காரர், “ஐம்பது பொற்காசு தருகிறேன், கதவைத் திற” என்கிறார். வேலை போகும் அச்சத்தில் இருப்பவனுக்கு லஞ்சம் இன்னும் பெரிய ஆபத்து. இது அவனைத் தளர்த்தாது, இறுக்கும். இலக்கு எண் ஏறும். இன்னொருவர், “ஆயுதங்களை எல்லாம் கூடையில் போட்டு மேலே அனுப்புகிறோம். காயம்பட்டவளை மட்டும் உள்ளே எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வெளியிலேயே இருக்கிறோம்” என்கிறார். இதில் அவனது அச்சமும் தீர்கிறது, அவனது எல்லையும் மீறப்படவில்லை. இங்கே நான் பகடையையே கேட்கமாட்டேன். சிறு வாயில் திறக்கும். மூன்றாமவர், “எங்கள் நால்வரையும் விடுங்கள், ஆயுதங்களைத் துணியில் கட்டி வைத்துக்கொள்கிறோம்” என்றால், அப்போதுதான் உண்மையான ஐயம் எழுகிறது. துணியில் கட்டிய வாள், ஆயுதம்தானா? இங்கே பகடை.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பின் ‘டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்’ ஏறத்தாழ இந்தத் திசையில்தான் போகிறது. பற்றில்லாமல் இருப்பவர் தனக்கு ஆபத்தில்லாத உதவியைச் செய்ய 10, சிறு ஆபத்தை ஏற்க 20 என்று, கேட்கும் உதவியின் கனத்தை எண்ணோடு இணைக்கிறது. உரையாடலின்போது அந்தப் பாத்திரத்தின் கொள்கை, பற்று, குறை ஆகியவற்றைக் கண்டறிந்து பயன்படுத்தலாம் என்றும் சொல்கிறது. 2024-இன் ‘பிளேயர்ஸ் ஹேண்ட்புக்’ இன்னும் நேரடியாக மூன்று நிலைகளைப் பிரிக்கிறது: இணங்கத் தயாராக இருப்பவருக்குப் பகடை வேண்டாம், இணங்கவே மாட்டார் என்றாலும் வேண்டாம், தயங்குபவருக்கு மட்டும் பகடை, இலக்கு எண் 15 அல்லது அவரது அறிவுத்திறன் எண், எது அதிகமோ அது. பகடை எப்போது தேவையில்லை என்று விதிநூலே அச்சில் சொல்வது நல்ல மாற்றம். அந்த மூன்று நிலைகளில் எது என்று தீர்மானிக்க, நான் சொன்ன மூன்று வரிக் குறிப்பு உதவும்.

எண்களின் எடையையும் பாருங்கள். இலக்கு 15 என்றால், ஈர்ப்புத் திறன் குறைந்து கூட்டல் எண் –1 உள்ள பாத்திரத்துக்கு வெற்றி வாய்ப்பு 25 சதவீதம். +7 உள்ள பேச்சுத் திறனாளிக்கு 65 சதவீதம். பாத்திரத்தின் முதலீட்டுக்கு இங்கே முழு மதிப்பு உண்டு. நல்ல உத்தி இலக்கை 10-க்குக் குறைத்தால் முதலாமவருக்கும் 50 சதவீதம் கிடைக்கிறது. மேசையில் யோசித்தவருக்கும் மதிப்பு கிடைக்கிறது. நடிப்புக்கு மட்டும் நான் கூட்டல் எண் தருவதில்லை. குரலை மாற்றி அழகாகப் பேசுவது எல்லோருக்கும் மகிழ்ச்சி தரும் விஷயம். அதை ரசிக்கலாம், கைதட்டலாம். எண்ணாக மாற்றினால் கூச்சமுள்ளவருக்கு மறுபடியும் அதே அநியாயம்.

வேறு ஆட்டங்களிலும் எடுத்துக்கொள்ள நல்ல யோசனைகள் உண்டு. ‘டன்ஜன் வேர்ல்ட்’ ஆட்டத்தில், எதிரே இருப்பவர் விரும்பும் அல்லது அஞ்சும் ஏதாவது ஒரு பிடி கையில் இல்லாவிட்டால் பேரப் பகடையை உருட்டவே முடியாது. இந்த ஒரு விதியை எந்த ஆட்டத்திலும் நுழைக்கலாம். லூக் கிரேனின் ‘பர்னிங் வீல்’, வாதப்போரை வாட்போரைப் போலவே சுற்றுச் சுற்றாக நடத்துகிறது. இரு தரப்பும் அடுத்த நகர்வுகளை ரகசியமாக எழுதி வைத்து ஒரே நேரத்தில் வெளிப்படுத்துகிறார்கள். ஜெயித்தவரும் தான் வாங்கிய அடிக்கு ஏற்ப ஏதாவது விட்டுக்கொடுக்க வேண்டும். அரசவைச் சூழ்ச்சியையே கதையாக ஆடும் குழுவுக்கு இது அருமையானது. கோட்டைக் கதவுக் காவலனுக்கு இதை எடுத்தால் அந்த இரவு முழுவதும் அதிலேயே போய்விடும்.

அறிவு: தோற்றால் என்ன ஆகும்?

அறிவுச் செயலில் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். பகடை தோற்றால் என்ன ஆகும்? “உங்களுக்குத் தெரியவில்லை” என்பது மட்டுமே பதில் என்றால், அந்தப் பகடையை உருட்டியிருக்கவே வேண்டாம். ஆட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

1981-இல் சாண்டி பீட்டர்சன் உருவாக்கிய ‘கால் ஆஃப் கதுல்ஹு’ புலனாய்வை ரோல்பிளேயிங்கின் மையத்துக்குக் கொண்டுவந்தது. நூறு முகக் கணக்கில் நூலகப் பயன்பாடு ஒரு திறன். ஏழாம் பதிப்பில் பயிற்சி இல்லாதவருக்கு அது 20 சதவீதம். கதையின் அடுத்த கட்டம் ஒரு பழைய செய்தித்தாளில் இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு பகடை என்று கேம் மாஸ்டர் அமைத்துவிட்டால், எல்லோரும் தோற்ற பிறகு கதை முட்டுச்சந்தில் நிற்கும். பிறகு கேம் மாஸ்டர் ஏதாவது சாக்கில் அதே தகவலை வேறு வழியில் கொடுப்பார். கொடுக்கத்தான் போகிறோம் என்றால் முதலிலேயே கொடுத்திருக்கலாம்.

ராபின் லாஸின் ‘கம்ஷூ’ விதிமுறை இந்த முடிச்சை அறுத்தது. கென்னத் ஹைட் எழுதி 2008-இல் வந்த ‘டிரெயில் ஆஃப் கதுல்ஹு’ அதே விதியில் நடப்பது. பொருத்தமான புலனாய்வுத் திறன் உள்ள பாத்திரம் சரியான இடத்தில் தேடினால், கதை நகரத் தேவையான துப்பு பகடை இல்லாமலே கிடைக்கும். அந்தத் திறனுக்கான புள்ளியைச் செலவழித்தால் அதற்கு மேலும் ஏதாவது பயன் கிடைக்கும். மர்மக் கதையின் சுவை துப்புகளைக் கோத்து உண்மையை ஊகிப்பதில்தான் இருக்கிறது என்ற தெளிவு இதன் அடித்தளம். அறிவுச் செயலைப் பொறுத்தவரை, எனக்குத் தெரிந்த விதிகளில் இதுவே சிறந்தது.

அப்படியானால் அறிவுக்குப் பகடையே வேண்டாமா? வேண்டிய இடங்கள் உண்டு. பாழடைந்த கல்லறைக் கதவில் ஒரு கல்வெட்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வரலாற்றுப் பயிற்சி உள்ள பாத்திரத்துக்கு நான் உடனே சொல்வேன்: “நீங்கள் மடத்தில் படித்த ஏடுகளில் இந்த முத்திரையைப் பார்த்திருக்கிறீர்கள். இது ஒற்றைக்கண் அரசியின் முத்திரை. அவளை உயிரோடு புதைத்ததாக ஒரு பேச்சு உண்டு.” இது இலவசம். கதவைத் திறக்கும் முன் அஞ்ச வேண்டுமா என்று முடிவெடுக்க இந்தத் தகவல் அவர்களுக்குத் தேவை. அவளை எந்த மந்திரத்தால் கட்டினார்கள், அதை அவிழ்க்கும் சொல் எது என்பது கூடுதல். அதற்குப் பகடை. பின்னால் காவல் பூதம் நெருங்கிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது. ஜெயித்தால் உடனே படித்துவிடுகிறார். தோற்றாலும் படித்துவிடுகிறார், ஆனால் அதற்குள் பூதம் வாசலுக்கு வந்துவிடுகிறது.

எல்லோரும் சேர்ந்து உருட்டும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒருவர் தோற்றதும் மற்றவர்கள், “நானும் பார்க்கிறேன்” என்று ஒவ்வொருவராகப் பகடையை எடுப்பார்கள். கூட்டல் எண் எதுவுமே இல்லாத ஐந்து பேர் இலக்கு 15-க்கு உருட்டினால் ஒவ்வொருவருக்கும் 30 சதவீதம்தான். ஆனால் யாராவது ஒருவர் ஜெயிக்கும் வாய்ப்பு 83 சதவீதம். பல ஆண்டுகள் ஏடுகளோடு வாழ்ந்ததாக எழுதப்பட்ட மந்திரவாதி தோற்க, எழுத்தறியாத காட்டு வீரன் பதில் சொல்லும் காட்சி இப்படித்தான் பிறக்கிறது. மந்திரவாதியை ஆடுபவரின் முகத்தை அப்போது பார்த்தால், இந்த முறையை ஏன் எதிர்க்கிறேன் என்று புரியும். அறிவுப் பகடையைப் பயிற்சி உள்ளவர்களுக்கு மட்டும் ஒதுக்குங்கள். 3.5 பதிப்பிலேயே, பயிற்சியில்லாதவர் இலக்கு 10-ஐத் தாண்டிய விஷயங்களை அறிய முடியாது என்ற விதி உண்டு. அதைத் திரும்பக் கொண்டுவருவதில் தவறில்லை.

இன்னொரு பாதை, ‘டன்ஜன் வேர்ல்டில்’ உள்ளது. இரண்டு ஆறுமுகப் பகடைகள். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் சுவையானதும் பயனுள்ளதுமான ஒன்றைக் கேம் மாஸ்டர் சொல்கிறார். 7 முதல் 9 வரை என்றால் சுவையான ஒன்று, அதைப் பயன்படுத்தும் வழியை ஆட்டக்காரர்தான் கண்டுபிடிக்க வேண்டும். “இது உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று திருப்பிக் கேட்கவும் கேம் மாஸ்டருக்கு உரிமை உண்டு. அந்தக் கேள்வியை எல்லா ஆட்டங்களிலும் கேட்கலாம். ஒரு வறண்ட தகவல் பாத்திரத்தின் இளமைக்காலக் கதையாக மாறும்.

‘பாத்ஃபைண்டர்’ ஆட்டத்தின் 2019-ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு நேர் எதிர்த் திசையில் போகிறது. நினைவுகூரும் பகடையைக் கேம் மாஸ்டரே மறைவாக உருட்டுகிறார். படுதோல்வி என்றால் தவறான தகவலைச் சொல்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறையில், நம்பும்படியான பொய்யை நொடிப்பொழுதில் புனைவது கடினம். அதைவிட, கேம் மாஸ்டரின் சொல்லையே சந்தேகிக்கும் பழக்கம் ஆட்டக்காரர்களுக்கு வந்துவிடும். அவர்கள் உலகத்தைப் பார்ப்பதே அந்தச் சொல்லின் வழியாகத்தான். எனவே இந்த விதியை நான் தவிர்க்கிறேன்.

இரண்டும் சந்திக்கும் இடம்: பொய்யைக் கண்டறிதல்

“இவன் பொய் சொல்கிறானா?” என்ற கேள்வியில் பேச்சும் அறிவும் கலந்திருக்கின்றன. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் பகடை, மர்மக் கதையைக் கொன்றுவிடும். சந்தேகப்படும் ஒவ்வொருவரையும் வரிசையாக நிறுத்தி உருட்டினால் கொலைகாரன் முதல் அமர்விலேயே கிடைத்துவிடுவான். தோற்றால், “உண்மை சொல்வதாகத் தெரிகிறது” என்கிறோம். பகடையில் 3 விழுந்ததைப் பார்த்த ஆட்டக்காரர் அதை நம்பவே மாட்டார்.

இங்கே நான் முடிவைச் சொல்வதில்லை, கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். “பெட்டகத்தைப் பற்றிக் கேட்டதும் அவர் பதில் சொல்வதற்கு முன் மனைவியைப் பார்த்தார்.” பகடை நன்றாக விழுந்தால் இதைவிடக் கூர்மையாக, “அவர் அஞ்சுவது உங்களுக்கு அல்ல, மனைவிக்கு” என்பேன். அது பொய்யா, யாருடைய பொய் என்பதை ஆட்டக்காரர்கள் ஊகிக்கட்டும். ஐந்தாம் பதிப்பில் உள்ள, 10-உடன் கூட்டல் எண்ணைச் சேர்த்துப் பகடையில்லாமல் ஒப்பிடும் முறை இதற்கு மிகவும் ஏற்றது. யாருக்கு எந்த அசைவு தென்படும் என்று முன்கூட்டியே குறித்து வைக்கலாம். ‘உருட்டுங்கள்’ என்ற சொல்லே சந்தேகத்தைக் கிளப்பும் தொல்லையும் இல்லை.

எதை எடுப்பது?

குழுவின் கதை கொலை மர்மமாக இருந்தால், எந்த விதிநூலை ஆடினாலும் முக்கியத் துப்புகளைக் ‘கம்ஷூ’ முறையில் இலவசமாகக் கொடுங்கள். உயிர் போகும் ஆபத்துள்ள குகைத் தேடலாக இருந்தால், 1981-இன் முதல் மனநிலைப் பகடையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; சண்டைகள் குறைந்து சுவை கூடும். பேச்சாளர்களும் கூச்சமுள்ளவர்களும் கலந்த சாதாரணக் குழுவுக்கு, உத்தியை முதலில் கேட்டு ஐயம் இருந்தால் மட்டும் உருட்டும் வழிதான். புதிய கேம் மாஸ்டர் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் தொடங்குவதாக இருந்தால், முக்கியமான ஒவ்வொருவருக்கும் அந்த மூன்று வரிகளை எழுதுவதில் தொடங்கலாம்.

திரும்பத் திரும்ப முயல்வதற்கும் ஒரு வரம்பு வேண்டும். ‘பர்னிங் வீல்’, சூழ்நிலை மாறாதவரை ஒரு முடிவு முடிவுதான் என்கிறது. ‘கால் ஆஃப் கதுல்ஹு’ ஏழாம் பதிப்பு இரண்டாம் முயற்சியை அனுமதிக்கிறது, ஆனால் அணுகுமுறையை மாற்ற வேண்டும், தோற்றால் விளைவு மோசமாகும். பேச்சுக்கு இரண்டாவதும் அறிவுக்கு முதலாவதும் பொருந்தும். காவலனிடம் குரலை உயர்த்தி மறுபடி மிரட்டலாம், அவன் எச்சரிக்கை மணியை அடிக்கும் ஆபத்தோடு. ஆனால் நினைவுக்கு வராத ஒன்று, புதிய ஏடு கிடைக்கும்வரை வராது.

ஓர் ஆட்டக்காரரின் பாத்திரம் இன்னோர் ஆட்டக்காரரின் பாத்திரத்தை வற்புறுத்தும்போது மேலே சொன்னவை எதுவும் செல்லாது. தன் பாத்திரம் என்ன நினைக்கிறது என்பதை அடுத்தவர் உருட்டிய பகடை முடிவு செய்தால் யாருக்கும் கசக்கும். 2010-இல் வந்த ‘அபோகாலிப்ஸ் வேர்ல்ட்’ இதற்கு அழகான வழி வைத்திருக்கிறது. பகடை நன்றாக விழுந்தால், இணங்குபவருக்கு அனுபவப் புள்ளி கிடைக்கும், மறுப்பவர் ஆபத்தை எதிர்கொண்டு உருட்ட வேண்டியிருக்கும். எதைச் செய்வது என்பதை அவரே தீர்மானிப்பார். அந்த விதி இல்லாத ஆட்டங்களில் நான் கேட்பவரிடம், “இந்தப் பேச்சு உங்கள் பாத்திரத்தை அசைக்கிறதா?” என்று மட்டும் கேட்கிறேன். இல்லை என்றால் காட்சியைத் தொடர்கிறேன்.